மிராசு முதல் சிப்காட் வரை: ஸ்ரீபெரும்புதூர் நிலமும் சேரியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்று, ராமானுஜர் பிறந்த ஊர். இன்னொன்று, 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். இப்போது மூன்றாவது கதையும் சேர்ந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்துக்கும் நெல்லுக்கும் பெயர்போன ஊர்களெல்லாம் இன்று கார், கைபேசி, கண்ணாடி, டயர் என்று உலகச் சந்தையில் பேசப்படுகின்றன. முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் இந்தப் பெயர்கள் மந்திரம்போல ஓதப்படுகின்றன.

மூன்று கதையிலும் சேரி இல்லை. 2011 கணக்கெடுப்பின்போது இருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தலித். ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியே தனித் தொகுதி. அப்படிப்பட்ட மண்ணில் கோடி கோடியாய் முதல் வந்து இறங்கியிருக்கிறதே, அதில் சேரிக்கு என்ன பங்கு? இந்தக் கேள்வியை நோக்கியா வந்த 2005லிருந்தோ, ஹூண்டாய் வந்த 1996லிருந்தோ தொடங்கினால் பாதிப் பதில்தான் கிடைக்கும். 1891லிருந்து தொடங்கியாக வேண்டும்.

1

பழைய செங்கல்பட்டு ஜில்லா மிராசு ஜில்லா. ஊர் நிலத்தின்மீது மிராசுதாரர்கள் பாத்தியதை கொண்டாடினார்கள். உழுத நிலம் மட்டுமில்லை, உழாத தரிசும் அவர்கள் சொற்படிதான். பெரும்பாலும் வேளாளர், பார்ப்பனர், ரெட்டியார். சேரியிலிருந்து ஒருத்தர் துணிந்து, ‘இந்தத் தரிசைத் திருத்திப் பயிர் வைக்கிறேன், எனக்குக் கொடுங்கள்’ என்று தர்க்காஸ்து மனு போட்டால், சர்க்கார் முதலில் மிராசுதாரரைத்தான் கேட்கும். அவர் ‘எனக்கே வேணும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மனு அத்தோடு சரி. ஏற்கனவே வைத்திருப்பவனுக்கே முதல் உரிமை: இதுதான் மிராசு முறையின் சாரம். நிலம் சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும், பறையன் கைக்குப் போகக் கூடாது. போனால் ஏர் பிடிக்க யார் வருவான்?

அன்றைய கலெக்டர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அவருக்கு முன்பே ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இந்த ஜில்லாச் சேரிகளின் நிலைமையை எழுதிக்கொண்டிருந்தார்கள். திரமென்ஹீர் கண்டு சொன்னதில் முக்கியமானது ஒன்று: சேரி நத்தத்தையே மிராசுதாரர்கள் தங்களுடையது என்றார்கள். குடிசை போட்ட இடம்கூட நம்முடையது இல்லை. கூலி கூடுதலாகக் கேட்டால், ‘குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போடா.’ ஒரு மக்கள் கூட்டத்தைச் சங்கிலி போடாமலே கட்டிப்போட இந்த ஒரு தந்திரம் போதும்.

அவர் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் அரசு ஏற்றது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். தமிழகத்தில் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் தொடர்ந்து முன்வைத்துவரும் கணக்கு. இந்த நிலத்தோடு நிபந்தனைகளும் வந்தன. 10 ஆண்டுக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும். மீறி நடந்தால் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

1891 அம்பேத்கர் பிறந்த வருஷம். அடுத்த இரண்டே ஆண்டில், 1893ல், இதே ஜில்லாவின் கோழியாளம் கிராமத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று தலைநிமிர்ந்து பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். கொஞ்ச காலம் கழித்துச் சட்டசபைக்குப் போன எம்.சி. ராஜாவும் இந்த ஜில்லாவின் பரங்கிமலைக்காரர். நிலக் கேள்வியும் தலித் அரசியலும் இங்கே ஒரே காலத்தில் எழுந்தவை.

1920களில் லேபர் டிபார்ட்மெண்ட் பஞ்சமர்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தது. எந்தச் சட்டத்தைக் கொண்டு? 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டு. சேரிக்காரன் நிற்க இடம் கொடுக்க ஒரு காலத்தில் பயன்பட்ட அதே சட்டம், பின்னாளில் அவனை நிலத்தைவிட்டுக் கிளப்பவும் பயன்பட்டது.

2

பஞ்சமி நிலம் எப்படிப் போனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கல்யாணத்துக்கு நூறு, வைத்தியத்துக்கு ஐம்பது என்று கடன். கைநாட்டு. கர்ணம் எழுதியதே கணக்கு. நில அளவை வந்தபோது கணக்கில் இன்னொருவர் பெயர். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் ஊர்க்காரர் களத்தில் இருந்தது. கணக்கு எழுதியவனும் ஊர்க்காரன், கணக்கைச் சரிபார்த்தவனும் ஊர்க்காரன்.

திரும்பக் கேட்டபோது என்ன கிடைத்தது என்பதற்குக் காரணை சாட்சி. 1994ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பஞ்சமி நிலத்தை மீட்கச் சென்ற மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டு, சமூகநீதி வென்றது என்று மேளம் கொட்டியதும் அதே 1994தான். வேலையில் சதவீதம் கேட்டால் சமூகநீதி, நிலத்தில் நம்முடையதைக் கேட்டால் துப்பாக்கி.

3

இந்தப் பின்னணியில்தான் முதலீடு வந்தது. 1991 ஜூலையில் மத்திய அரசு புதிய பொருளாதாரக் கொள்கையை அறிவித்தது. 1996ல் ஹூண்டாய் ஒப்பந்தம் போட்டது, 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளியே வந்தது. 2000ல் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2005 ஏப்ரலில் நோக்கியா அரசுடன் கையெழுத்துப் போட்டது, 2006 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது.

பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள், ஸ்ரீபெரும்புதூர் சாலையில் வன்பொருள். இரண்டையும் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சி என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். ஆனால் ஒன்றுக்கு இங்கிலீஷும் இன்ஜினியரிங் பட்டமும் வேண்டும். இன்னொன்றுக்கு பிளஸ்டூ படித்த, வேகமாக ஓடும் பத்து விரல் போதும். எந்தச் சாலைக்கு எந்தத் தெருப் பிள்ளைகள் போனார்கள் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிலம் எப்படிக் கிடைத்தது? 1971ல் தொடங்கப்பட்ட சிப்காட், நிலத்தை எடுத்து, சாலை போட்டு, தண்ணீர், மின்சாரம் கொடுத்து, 99 ஆண்டு குத்தகைக்கு விடுகிறது. நோக்கியாவுக்கு மட்டும் சுமார் 210 ஏக்கர். வேகமாக எடுக்கவேண்டும் என்று, தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு 1997லேயே தனியாக இயற்றி, 2001ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பட்டா உள்ளவருக்கு இழப்பீடு உண்டு. போதாது என்று அவர் கோர்ட்டுக்குப் போகலாம். பட்டா இல்லாமல் அந்த நிலத்தில் நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துத் தலைமுறையாய்ச் சோறு தின்றவளுக்கு? புறம்போக்கில் ஆடு மாடு மேய்த்தவருக்கு? ஏரி உள்வாயில் புல் அறுத்தவளுக்கு? அவர்கள் பெயர் எந்த நோட்டீசிலும் இல்லை. ‘நெலம் வித்தவன் வீடு கட்டினான், நெலத்துல வேல செஞ்சவன் பஸ் ஏறினான்’ என்பதுதான் நடந்த கதை.

2013ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் முதல்முறையாக விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றது. நிலத்தோடு யார் யாருடைய பிழைப்பு போகிறது என்று ஊருக்குள் வந்து கணக்கெடுக்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு என்ன செய்தது? 2014ல் ஒரு திருத்தம் போட்டு, தன் 1997 சட்டத்துக்கு அது பொருந்தாது என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2019ல் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டே சட்டசபை புதுச் சட்டம் இயற்றிப் பழையதை உயிர்ப்பித்தது. 2021ல் உச்சநீதிமன்றம் சரி என்றுவிட்டது. திருத்தம் போட்டது ஒரு கட்சி ஆட்சி, பிறகு வந்தது இன்னொரு கட்சி ஆட்சி. கணக்கெடுப்பை மட்டும் இரண்டு பேரும் விரும்பவில்லை. சேரியைக் கணக்கெடுத்தால் சேரிக்குப் பங்கு கொடுக்கவேண்டி வருமே!

கவனித்துப் பாருங்கள். ‘தரிசு’, ‘புறம்போக்கு’, ‘பயன்படாத நிலம்’: 1892ல் சேரிக்கு என்று சொல்லப்பட்டதும் இதே சொற்களால் குறிக்கப்பட்ட நிலம்தான். அன்று ‘எனக்கே வேணும்’ என்று சொல்ல மிராசுதாரர் இருந்தார். இன்று அந்த முதல் உரிமை கம்பெனிக்குப் போயிருக்கிறது.

4

‘கம்பெனி வந்ததுல ஒண்ணுமே நல்லதில்லையா?’ என்று தோழர்கள் கேட்கலாம். நல்லது உண்டு. அதை மறைப்பது நேர்மையில்லை. சேரிப் பெண் பிள்ளை யூனிபார்ம் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனாள். மாதம் முடிந்தால் சம்பளம் பேங்கில் விழுந்தது. யார் வாசலிலும் முந்தானையை ஏந்தி நிற்கவில்லை. கிராமத்தைவிட்டு வெளியேறு என்று அம்பேத்கர் சும்மாவா சொன்னார்? துண்டு நிலத்தில் முடங்கிக் கிடக்கும் உழைப்புக்குத் தொழில்மயமே தீர்வு என்று அவர் 1918லேயே எழுதியவர். அதே அம்பேத்கர் 1938ல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே எதிரிகள் என்றார். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்காத கொடுமையையும் அங்கே சொன்னார். நூல் அறுந்தால் எச்சில் தொட்டு முடிய வேண்டுமாம், தீட்டாகிவிடுமாம். ஆலை வந்தால் சாதி தானாய்ப் போகும் என்று நம்பியவர் இல்லை அவர்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலை, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம் இவையெல்லாம் நம்மில் ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டன. காரணம் இட ஒதுக்கீடு, நிரந்தர வேலை, பென்ஷன். அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள்தான் இன்று எழுதுகிறார்கள், வாதாடுகிறார்கள். ஒரகடத்தில் அது கிடையாது. தனியார் துறையில் இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம் என்று 2004ல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி குறைந்தபட்சப் பொதுத்திட்டத்தில் எழுதியது. முதலாளிகள் சங்கங்கள் 2006ல் ‘நாங்களே விரும்பிச் செய்கிறோம்’ என்று ஒரு நடத்தை விதியைக் கொடுத்தன. சட்டம் வரவில்லை. விருப்பம் எங்கே சட்டம் ஆகும்?

கம்பெனி வேலை எவ்வளவு நிலையானது என்று நோக்கியா காட்டியது. ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் இளம் பெண்கள். 2013ல் வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டது. பிரச்சினை கைபேசிக்குள் ஏற்றப்படும் மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த பணத்தின்மீதான வரி. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. நவம்பர் 1 அன்று கதவு மூடப்பட்டது. மென்பொருள் எழுதியவனுக்கும், வாங்கியவனுக்கும், வரி கேட்டவனுக்கும் வழக்கு. வேலை போனது, அந்த மென்பொருளை ஒருநாளும் கண்ணால் பார்க்காத பெண் பிள்ளைக்கு. 2019ல் ஆலையைச் சால்காம்ப் வாங்கியது. கட்டடம் பிழைத்துக்கொண்டது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைபார்த்த பெண்கள் நள்ளிரவில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அது. உலகத்தின் விலை உயர்ந்த கைபேசியைச் செய்கிற கைகள் நல்ல சோற்றுக்காக ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் விடுதி என்பது அரசின் கவலையாக மாறியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் திறந்தது. போராடாமல் கட்டில்கூட வரவில்லை.

2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவுசெய்யக் கேட்டதே முக்கியக் கோரிக்கை. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திரத்துக்கே இன்னொரு பெயர் என்று 1938ல் பம்பாய்ச் சட்டசபையில் வாதாடினாரே அம்பேத்கர், அந்த வாதம் சுங்குவார்சத்திரத்தில் இன்னும் முடியவில்லை.

5

ஆக, நாம் கேட்க வேண்டியது என்ன? முதலீடு வேண்டாம் என்பதல்ல. நிலம் எடுக்கும் முன்னால் அந்த ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்று பழைய கணக்கைப் பிரித்து வெளியிடு. இருந்தால், உரியவர்களுக்குப் பட்டா கொடுத்துவிட்டு அவர்களிடம் பேசு. பட்டா இல்லாத கூலிக் குடும்பங்களைக் கணக்கெடு. பொது நிலத்திலும் பொதுப் பணத்திலும் நிற்கிற ஒவ்வொரு ஆலையிலும் நிரந்தர வேலையில் எத்தனை தலித்துகள், ஒப்பந்த வேலையில் எத்தனை தலித்துகள், கழிவறை கழுவுவதில் எத்தனை தலித்துகள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கச் சொல். இட ஒதுக்கீட்டைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுது.

‘கம்பெனிக்கு நிபந்தனை போட்டா ஓடிப் போயிடுவான்’ என்பார்கள். இத்தனை ஆண்டுக்குள் ஆலை கட்டு, இவ்வளவு முதல் போடு, இத்தனை பேருக்கு வேலை கொடு என்று குத்தகையிலும் ஒப்பந்தத்திலும் நிபந்தனைகள் இருக்கத்தான் செய்கின்றன. யாருக்கு வேலை என்ற ஒரு வரிதான் இல்லை. நிலத்தோடு நிபந்தனையை எழுதத் தெரியாத அரசும் இல்லை இது. 1892ல், சோற்றுக்கில்லாத பறையனுக்குத் தரிசைக் கொடுத்தபோது, விற்காதே, அடமானம் வைக்காதே, மீறினால் பிடுங்கிக்கொள்வேன் என்று எழுதத் தெரிந்திருந்தது. 99 ஆண்டுக்கு நிலம் வாங்குகிறவனிடம், ‘சேரிப் பிள்ளைக்கு நிரந்தர வேலை கொடு, மீறினால் பிடுங்கிக்கொள்வேன்’ என்று எழுத மட்டும் பேனாவில் மை இல்லையா?