தேய்ந்த வில்பட்டைகளும் டிக்கோயா வீதியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே எழுதக்கூடிய வசனம் ஒன்று உண்டு. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்து விபத்துக்குள்ளாகியுள்ளது." ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் செய்தி தயார். கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்று நான் கேட்ட சந்தர்ப்பங்கள் மிகச் சொற்பம்.

அப்படிக் கேட்க நேர்ந்த ஒரு சந்தர்ப்பம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வாய்த்தது. டிக்கோயாவுக்கு அண்மையில் கொழுந்து லொறியொன்று புரண்டிருந்தது. கொழுந்தோடு ஆட்களும் ஏறியிருந்தார்கள். கராஜுக்கு இழுத்துவரப்பட்ட அந்த லொறியின் அடியில் குனிந்து பார்க்கும்படி வயதான மெக்கானிக் ஒருவர் என்னை அழைத்தார்.

"இங்க பாருங்க தம்பி, இது நேத்து ஒடஞ்சது இல்ல."

முறிந்த வில்பட்டையின் முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கறுத்துத் துருவேறிக் கிடந்தது. எஞ்சிய பங்கு மட்டும் புது வெள்ளியாக மின்னியது. வெடிப்பு நெடுநாளாக உள்ளே வளர்ந்திருக்கிறது. கடைசி இழை அன்று அறுந்திருக்கிறது. இதை விரிவாக எழுதி அனுப்பினேன். அச்சில் அந்தப் பந்தி இல்லை. இடப்பற்றாக்குறை என்றார்கள். நானும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அது என் குற்றம்தான்.

டிக்கோயாப் பள்ளத்தாக்கின் வீதிகள் மோட்டார் வாகனத்துக்காகப் பிறந்தவையல்ல. கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டிகள் மூச்சுத்திணறாமல் ஏறுவதற்காக மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்ட பாதைகள் அவை. அந்த வண்டிகளுக்கு வில்லும் கிடையாது, சுருளும் கிடையாது. அதிர்ச்சி முழுவதையும் அச்சும் மாடும் வண்டிக்காரனின் முதுகும் தாங்கின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை வந்தது. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியபோது கீழ்நாட்டுக்கான நெடும்பயணம் தண்டவாளத்துக்கு மாறியது. ஆனால் தோட்டத்துக்கும் ஹட்டன் நிலையத்துக்கும் இடையிலான வளைவுகள் அப்படியே இருந்தன. பின்னர் லொறிகளும் அவற்றிலேயே ஏறின.

வளைவுகள் நிறைந்த வீதியில் வாகனத்தின் பாரம் ஓயாமல் இடமும் வலமுமாகப் புரள்கிறது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. மழை மாதங்களில் குழிகள் நீரால் நிரம்பி ஆழம் தெரியாமல் போகின்றன. சமதரையில் பல ஆண்டுகள் உழைக்கும் இறப்பர் புஷ்கள் இங்கே வெகுவிரைவில் நைந்துவிடுவதில் வியப்பில்லை.

எழுபதுகளின் இறுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தோட்டத்து லொறிச் சாரதி ஒவ்வொரு காலையும் ஒரு சிறு சுத்தியலோடு வண்டியடியில் புகுவார். உருக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். நல்ல பட்டை மணிபோல ஒலிக்கும். வெடித்தது அடைத்த குரலில் பதில் சொல்லும். பின்பு பட்டைகளை அச்சோடு இறுக்கும் யூ வடிவ ஆணிகளைத் தொட்டுப் பார்ப்பார். அவற்றின் ஓரத்தில் செந்தூள் கசிந்திருந்தால், இறுக்கம் தளர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். கடைசியில் எட்ட நின்று லொறியின் முதுகைப் பார்ப்பார். சமதரையில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து வில் களைத்துவிட்டது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் நாய் ஓடுவதுபோல் சாய்ந்து வந்தால், பட்டைகளை நடுவில் கோக்கும் ஆணி அறுந்து அச்சே நகர்ந்திருக்கலாம்.

கார்களில் அடையாளங்கள் வேறு. ஒரு மூலையை அழுத்திக் கைவிட்டால் ஒருமுறை எழுந்து அடங்கவேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷொக் அப்சோபர் முடிந்துவிட்டது. அதன் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும். டயரைத் தடவினால் மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டும். சக்கரத்தை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் போல் ஜொயின்டையோ பெயாரிங்கையோ சந்தேகிக்கவேண்டும். மலையகத்தில் பலரும் நேசித்த மொரிஸ் மைனருக்கு இதில் தனிப் பலவீனம் உண்டு. 1948இல் அறிமுகமான அந்தக் காரின் முன்சக்கரம் மரையிட்ட இணைப்பொன்றின் மேல் திரும்புகிறது. கிறீஸ் காட்டாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் முழங்கால் மடங்கியதுபோல் உள்ளே மடிந்துவிடும்.

அடையாளம் தெரிந்தும் மாற்ற முடியாத காலங்கள் இருந்தன. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவை தேசியமயமானது. இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலண்டனில் ஓடிக் கழித்த ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கியது. பிறர் தேய்த்ததை நாம் மேலும் தேய்ப்பது அன்றே கொள்கையாகிவிட்டது எனலாம். 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய டயரிலிருந்து புஷ் வெட்டினார்கள்; முறிந்த பட்டைக்குப் பதிலாக வேறு வண்டியின் பட்டையைக் கொல்லுலையில் வளைத்துப் பொருத்தினார்கள். கழிவுப் பட்டையும் வீணாகவில்லை. நல்ல உருக்கு அல்லவா! கொல்லன் கையில் அது கத்தியாயிற்று. திறந்த பொருளாதாரத்தின் பின் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானியப் பழைய பாகங்கள் குவிந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் இருந்த வண்டியையே இழுத்தோம்.

சட்டம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது; பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2008இல் புகைப் பரிசோதனையும் வந்தது. ஆனால் தனியார் கார் ஒன்று ஆண்டு வரிப்பத்திரம் பெறுவதற்குப் புகையைத்தான் காட்டவேண்டும், புஷ்ஷை அல்ல. இருபது வயதுக் கார் நல்ல புகை விட்டால் போதும். அதன் முன்சக்கரம் எதில் தொங்குகிறது என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

2025 மே 11இல் கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. செய்தியை வாசித்ததும் அந்தக் கராஜும், பாதி கறுத்துப் பாதி மின்னிய பட்டையும் நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான். சில வாரங்களின் பின் டிக்கோயாவுக்குப் போனபோது தோட்டத்து லொறியொன்றில் பெண்கள் கூடைகளோடு நின்றபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி இடப்பக்கம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. கைகாட்டி நிறுத்திச் சாரதியிடம் சொன்னேன்.

"தெரியும் ஐயா," என்றார் அந்த இளைஞர். "ஒரு மாசமா ஆபீசில சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."