பனிமய மாதா கோயிலில் கிட்டும் அமைதி – ஒரு வரலாற்று நோக்கு

தூத்துக்குடிக்குச் செல்லும் நம் சபையார் பலர், துறைமுகத்தையும் உப்பளங்களையும் பார்த்தபின் கடற்கரையை அடுத்துள்ள பனிமய மாதா கோயிலுக்குள்ளும் ஒரு முறை சென்று வருவதுண்டு. வெளியே வந்ததும் அவர்கள் கூறுவது பெரும்பாலும் ஒன்றே: உள்ளே சற்று உட்கார்ந்தால் மனம் அடங்குகிறது என்பர். கூறிய உடனே, சீர்திருத்தத் திருச்சபையின் பிள்ளைகளாகிய தாம் இவ்வாறு சொல்லலாமோ என்ற கூச்சத்துடன் பேச்சை மாற்றிவிடுவர். இக்கூச்சம் எனக்கும் அந்நியமானதன்று. ஆயினும் அவ்வமைதியைக் கட்டட அழகின் விளைவென்று ஒதுக்கிவிடுமுன், அது எவ்வழியாக அவ்விடம் வந்து சேர்ந்தது என்று திருச்சபை வரலாற்று மாணவர் வினவுதல் வேண்டும். அதற்குரிய விடையில் நமது மரபுக்கும் ஒரு பங்கு உண்டு. அது நாம் விரும்பிச் சொல்லிக்கொள்ளும் பங்கன்று.

பெயரைப் பற்றி ஒரு சொல். மக்கள் வழக்கில் இது மாதா கோயில். 1982இல் போப்பாண்டவர் இதற்குப் பசிலிக்கா என்னும் தகுதியை அளித்தார். தூத்துக்குடிக் கத்தோலிக்க ஆயரின் தலைமைப் பேராலயமோ திரு இருதய ஆலயமாகும். இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதுவோர் உளர்.

முத்துக்குளித்துறைப் பரதவர் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவியது அமைதி தேடியே. ஆனால் அன்று அவர்கள் தேடியது உள்ளத்தின் அமைதியன்று. முத்துச் சலாபம் பற்றி முஸ்லிம் வணிகருடன் 1530களில் மூண்ட மோதலில் நெருக்குண்ட அவர்கள், தம் தலைவர்களைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரினர். 1535 முதல் 1537 வரை ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரையை அடைந்தபோது, கிறிஸ்தவர் என்ற பெயருக்குமேல் அவர்கள் அறிந்திருந்தது மிகச் சிறிதே. விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கச் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவர் கற்பித்தார். நோக்கம் தூயதன்று என்று இவ்வரலாற்றை இகழ்வோர் நம் வகுப்புகளிலும் உண்டு. அடைக்கலம் தேடி வந்தோரைக் கொண்டே 1799இல் நம் முதலூர் அமைந்தது என்பதை அவர்கள் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

சவேரியார் இங்கு உழைத்த காலம் குறுகியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கரையிலேயே வாழ்ந்து 1600இல் மறைந்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்ரிக்கே என்ரிக்கஸ். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்குவதற்கு 128 ஆண்டுகள் முன்னரே, தமிழ் ஜெபம் தமிழெழுத்தில் அச்சாகிவிட்டது. அவ்வச்சுப் பணிக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் இப்பரதவரே. ஆகவே இம்மக்களின் பக்தியை அறியாமையின் பக்தி என்று எளிதில் தள்ளிவிட இயலாது.

கோயிலின் பீடத்திலுள்ள மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. ஸ்பானியர் மணிலாவைத் தமது நகராக்கியதே 1571இல்தான். எனவே ஆண்டிலோ ஊரிலோ ஏதோ பிசகு இருத்தல் வேண்டும். ‘பனிமய’ என்ற பெயரும் கடல் கடந்து வந்ததே. கோடை நடுவில் ஆகஸ்டு 5ஆம் நாள் ரோமாபுரியின் குன்று ஒன்றில் வெண்பனி பொழிந்து, மரியாளுக்கு ஆலயம் எழுப்பவேண்டிய இடத்தைக் காட்டியது என்பது பழங்கதை. உறைபனியையே கண்டிராத மக்கள் அப்பெயரைத் தமதாக்கி, அதே நாளில் பெருவிழா எடுக்கின்றனர்.

இனி நம் பங்கு. 1658இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியது. குருக்கள் வெளியேற நேர்ந்தது. நகரின் ஆலயங்கள் கும்பெனியின் வசமாயின. படையுடன் வந்தவர் பிலிப்பு பால்டேயஸ் என்னும் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். பின்னர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிப் புகழ்பெற்றவர். அவர் வளர்ந்த மரபின் அறிக்கை நூல் 1563இன் ஹைடல்பர்க் வினாவிடை. அதன் 98ஆம் வினா, கல்லாதவர்க்குப் புத்தகமாக ஆலயத்தில் உருவங்களை வைக்கலாகாதோ என்று கேட்டு, ஆகாது என்று விடையிறுக்கிறது. ஜெபமாலையும் சுரூபமுமாக நின்ற பரதவரை அவ்வினாவிடைக்குள் கொணர முயன்றார் பால்டேயஸ். பலிக்கவில்லை. 

பின்னாளில் வேறொரு போதகரும் முயன்றதாகவும், பரதவர் தலைவர் அவருக்குத் தந்த விடையையும் யேசு சபைக் குருவான மார்ட்டின் தம் கடிதமொன்றில் எழுதியுள்ளார். சவேரியார் இக்கரையில் இறந்தோர் சிலரை எழுப்பினார். நீர் அவரினும் மிகுதியானோரை எழுப்பும், எங்கள் நோயாளிகளைக் குணமாக்கும், கடலில் மீனைப் பெருகச் செய்யும், அப்பால் பேசுவோம் என்பது அவ்விடையின் சாரம். எழுதியவர் எதிர்த்தரப்பினர் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை. எனினும் கடலோரத் தமிழரின் எள்ளல் அதில் ஒலிப்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இங்கே வரலாறு ஒரு புதிரை வைக்கிறது. 1535இல் பரதவரை ஞானஸ்நானத்துக்கு அழைத்துவந்த காரணங்கள் யாவும் 1658க்குப் பின் ஒல்லாந்தரிடமே இருந்தன. கப்பல், பாதுகாப்பு, சலாபத்தின் அதிகாரம் ஆகிய மூன்றும் கும்பெனியின் கையில். ஆதாயமே அவர்கள் சமயமாயின், அவர்கள் ஒரே தலைமுறையில் நம்மவராகியிருத்தல் வேண்டும். ஆகவில்லை. நகருக்கு வெளியே, கும்பெனியின் கை எட்டாத இடங்களில், குருவைத் தேடிச் சென்று திருப்பலி கண்டனர். சாதித் தலைவரின் அதிகாரமும் மாதாவின் விழாவும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு சமுதாயத்தையே கட்டி நிறுத்தின என்று சமூக வரலாற்றாசிரியர் சூசன் பெய்லி காட்டியுள்ளார். அது மெய்யே. ஆயினும் முழுமையன்று என்பது என் துணிபு. சாதிக் கட்டு ஒரு விழாவைக் காக்கும். குருவின்றி மாதக்கணக்கில் வீட்டில் ஜெபிக்கும் தாயை அது மட்டும் காக்குமோ? பாதுகாப்பு வேண்டி ஏற்ற சமயம், பாதுகாப்பு அகன்ற பின்னரே விசுவாசமாக வேரூன்றிற்று. அதற்கு ஒரு வகையில் கருவியானவர்கள் நம் முன்னோர்.

கும்பெனிக்கும் ஒரு முடை இருந்தது. கல்லைக் காலில் இணைத்து, கயிற்றைப் பற்றி, மூச்சடக்கி மூழ்குவோர் இன்றேல் முத்தும் சங்கும் இல்லை. எனவே காலப்போக்கில் பிடி தளர்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சி நீடிக்கும்போதே, 1712இல் விஜிலியூஸ் மான்சி என்னும் யேசு சபைக் குரு இப்போதைய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1713 ஆகஸ்டில் அது அபிஷேகம் பெற்றது. ஒல்லாந்தர் நகரில் ரோமைத் திருச்சபையின் கோயில் எழுந்தது நமக்கு வியப்பைத் தரலாம். மூழ்குவோருக்கு அதில் வியப்பிருந்திராது.

இவ்வளவும் அறிந்த பின்னரே அக்கோயிலில் அமர்வது நன்று என எண்ணுகிறேன். இறையியல் மாணவர் சிலரை ஒரு வார நாளின் காலையில் அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். நீண்ட கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். முன்வரிசையில் ஒரு மூதாட்டி உதடு அசையாமல் இருந்தார். கடலுக்குச் சென்ற எவருக்காகவோ என்று நான் எண்ணிக்கொண்டேன். வேறு காரணமாகவும் இருக்கலாம். அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்துவிட்டது. எனினும் கடலின் அச்சம் முடியவில்லை. 107ஆம் சங்கீதத்தின் 23 முதல் 30 வரையுள்ள வசனங்களை நாம் வகுப்பில் உவமையாகவே விளக்குகிறோம். இங்கோ அது உவமையன்று.

“ஐயா, நாமும் இங்கே ஜெபிக்கலாமா?” என்று ஒரு மாணவர் மெதுவாகக் கேட்டார். வினாவிடையின் 98ஆம் வினாவை அவர் படித்திருந்தார், கேள்வி நேர்மையானது. சுரூபத்தின்முன் வணங்குதல் நமக்கு உடன்பாடன்று. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இவ்விடத்தின் அமைதி சுரூபத்திலிருந்து வருவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கைவிடப்பட்ட நாட்களிலும் ஜெபத்தைக் கைவிடாத மக்கள் மூன்று நூற்றாண்டுகளாக உட்கார்ந்து எழுந்த பலகைகள் இவை. அவர்கள் கூப்பிட்டதும் நம் கர்த்தரையே. “உட்காரும், தம்பி” என்றேன். அரைமணி நேரம் எவரும் பேசவில்லை.

பின்பு, சற்றுத் தொலைவில் ஒல்லாந்தர் 1750இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குச் சென்றோம். மாதா கோயிலுக்கு 37 ஆண்டுகள் இளையது அது. 1825இல் நகர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக மாறியபின் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கு வந்து, 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையினுடையதாக விளங்குகிறது. அதுவும் அமைதியான இடமே. அதைக் கட்டியவர்களின் மொழியில் ஜெபிக்க இன்று அங்கே எவரும் இல்லை. நாங்கள் 107ஆம் சங்கீதத்தைத் தமிழில் வாசித்துவிட்டு, வெயில் ஏறுமுன் புறப்பட்டோம்.