கூடத்திலிருந்து உள்ளறை வரை

ஹால், சேம்பர், ரூம் மூன்றையும் ‘அறை’ என்றே தமிழில் எழுதிவிடுகிறோம். இவற்றின் எல்லைகளைக் கண்ணெதிரே காட்டும் கட்டடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூடும், லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை.

அதன் மிகப் பழைய பகுதி, இரண்டாம் வில்லியம் 1097-இல் எழுப்பிய வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். ஹால் என்றால் தலைவனும் அவனுடைய ஆட்களும் சேர்ந்திருந்து உண்ட பெருங்கூடம். இரவில் பணியாளர் பலருக்கு அதுவே படுக்கையிடம். இந்த ஹாலில் விருந்தும் நடந்தது, வழக்கும் நடந்தது. 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னனுக்கு மரண தண்டனை விதித்ததும் இங்கேதான். செல்வர் தனியறைகளை நாடத் தொடங்கியதும் ஹாலின் மதிப்பு இறங்கியது. இன்றைய சாதாரண ஆங்கில வீட்டில் அது வாசற்கதவை ஒட்டிய நடைவழி. குடும்பமே கூடியிருக்கும் இடத்தை ஹால் என்று வழங்கும் நாம்தான் பழம்பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறோம்!

சேம்பர், வளைகூரையைக் குறித்த ‘காமெரா’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் படுக்கையறை, அரசனின் அந்தரங்க அறை. பிறகு உரியவர் மட்டும் கூடும் அவை. நீதிபதியின் சேம்பரிலும் அந்த அந்தரங்கம் தங்கியிருக்கிறது. 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் மக்களவைச் சேம்பர் அழிந்தது. புதிதாகக் கட்டும்போது எல்லா உறுப்பினருக்கும் இருக்கை அமையும் அளவுக்கு அதைப் பெரிதாக்கக் கூடாது என்று பிரதமர் சர்ச்சில் வாதாடினார். நெருங்கி அமர்ந்து உரையாடும் இயல்பு கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. 1950-இல் திறந்த சேம்பரில் 427 இருக்கைகளே உள்ளன. இன்றைய உறுப்பினர்களோ 650 பேர். சேம்பரை ஹாலாக்க அவர் உடன்படவில்லை என்றே இதை நான் கொள்கிறேன்.

வெளியாரும் உறுப்பினரும் எதிர்ப்படும் இடம் லாபி. குடிமகன் தன் தொகுதி உறுப்பினரைக் காணக் கேட்டு வருவது மைய லாபிக்குத்தான். ஆதரவு திரட்டுவதற்கு ‘லாபி செய்தல்’ என்ற பெயர் வந்ததும் இத்தகைய முன்கூடங்களால்தான்.

ரூம் வெறும் இடம். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. நம் ‘அறை’க்கு நேரானது அது ஒன்றே.

கூடம், முன்கூடம், அவை, உள்ளறை என்று தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. மொழிபெயர்ப்போரும் அகராதி தொகுப்போரும் அந்த இடத்துக்குள் நுழையும் உரிமை யாருக்கு என்று பார்த்து, அதற்கேற்ற சொல்லை ஆள வேண்டுகிறேன்.