ஜியு-ஜிட்சு மாஸ்டருக்கு யார் மாஸ்டர்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், தற்காப்புக் கலை வகுப்புகளுக்கு நல்ல கிராக்கி. கடலூர் மஞ்சக்குப்பம் ஆனாலும் சரி, சிதம்பரம் மேலவீதி ஆனாலும் சரி, பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பா கேட்பது இரண்டே கேள்விதான். "ஃபீஸ் எவ்வளவு? எத்தனை மணிக்கு கிளாஸ்?"

மாஸ்டர் யாரிடம் கற்றார், எத்தனை வருடம் கற்றார், கற்றுக்கொடுப்பது எப்படி என்பதை எங்கே கற்றார் என்று கேட்பவர்கள் குறைவு. பெயருக்குப் பின்னால் "பிளாக் பெல்ட்" என்று இருந்தால் அதோடு திருப்தி. ஆனால் ஜியு-ஜிட்சு என்பது கழுத்தை இறுக்குவதும், முழங்கை மூட்டை மடக்குவதும், எதிராளியைத் தரையில் அழுத்திப் பிடிப்பதும் நிறைந்த கலை. எந்த நொடியில் பிடியை விட வேண்டும் என்று தெரியாத வாத்தியார் கையில் சிக்கினால் போவது பிள்ளையின் கை!

சண்டைக் கலை வாத்தியார்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அவர்களை யார் உருவாக்குகிறார்கள்? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கின்றன. அதில் ஒன்று கடலூரிலேயே இருக்கிறது.

தேவனாம்பட்டினத்துக்கு வந்த வாத்தியார்

1746-இல் சென்னைக் கோட்டையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலக் கம்பெனி தன் தலைமையிடத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு மாற்றிக்கொண்டது. 1752 வரை அதுதான் தலைமையிடம்.

அதே 1746 அக்டோபரில் சென்னை அடையாற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது சில நூறு ஐரோப்பிய, இந்திய வீரர்கள் மட்டுமே. எதிரே ஆற்காடு நவாபின் படை, ஏறத்தாழ 10,000 பேர். ஜெயித்தது யார் தெரியுமா? அந்தச் சில நூறு பேர்தான். நவாபின் ஆட்களுக்கு வீரம் குறைவில்லை. ஆனால் பிரெஞ்சுப் படையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள், ஒரே நேரத்தில் குண்டு போட்டார்கள், ஒரே வரிசையில் நடந்தார்கள். வித்தியாசம் பயிற்சியில் இருந்தது.

இதைப் பார்த்த ஆங்கிலேயர்களுக்கு ஒரு வாத்தியார் தேவைப்பட்டார். 1748 ஜனவரியில் கடலூருக்கு வந்து சேர்ந்தார் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். அப்போது அவருக்கு வயது 50. 1727 முதல் ஆங்கிலப் படையில் ஜிப்ரால்டர் போன்ற இடங்களில் பணியாற்றி, கேப்டனாக ஓய்வு பெற்றவர். சாதாரணமாகச் சொன்னால் ஒரு ரிட்டயர்டு ஆசாமி!

அந்த வருடம் ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை கடலூர் நகரைத் தாக்க வந்தது. லாரன்ஸ் பட்டப்பகலில் எல்லோர் கண்ணிலும் படும்படி நகரத்திலிருந்து ஆட்களையும் பீரங்கிகளையும் கோட்டைக்கு மாற்றினார். நகரம் காலி என்று எதிரி நம்பினான். இருட்டியதும் எல்லோரையும் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். நடுராத்திரியில் ஏணியோடு வந்த பிரெஞ்சுக்காரர்கள் அடி வாங்கி ஓடினார்கள். இருட்டில், சத்தம் போடாமல், சொன்ன இடத்தில் போய் நிற்பது பயிற்சி இல்லாத கூட்டத்தால் முடியாத காரியம்.

இந்திய ராணுவத்தின் தந்தை என்று லாரன்ஸை ஆங்கில வரலாற்று ஆசிரியர்கள் எழுதுவார்கள். அவர் கற்றுக்கொடுத்த டிரில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட பாடம். இன்று கற்பவன் நாளை ஹவில்தார் ஆகி அடுத்தவனுக்கு அதையே கற்றுக்கொடுப்பான். பெரிய மேதையாக இருக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்த யூசுப் கான், அதாவது நாம் மருதநாயகம் என்று அறிந்தவர், லாரன்ஸின் கீழ்ப் பணியாற்றித்தான் கம்பெனியின் சிப்பாய்களுக்கே தளபதி ஆனார். 1764-இல் அதே கம்பெனியை எதிர்த்து மதுரையில் தூக்கிலும் ஏறினார்.

கற்றுக்கொடுத்த வித்தை ஒருவர் கையிலேயே நிற்காது. 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கி உள்ளே இருந்தார்கள். ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைப் பிடிக்கப் போய்த் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில்தான் அவரால் ஹைதரை வெல்ல முடிந்தது. ஹைதர் படையிலும் ஐரோப்பியர்களிடம் பயின்ற காலாட்படை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரடி வாத்தியார்

இதெல்லாம் துப்பாக்கிப் பாடம். நம் ஊர் வெறுங்கைப் பாடத்துக்கும் கம்புப் பாடத்துக்கும் வாத்தியார் யார்? சிலம்பம், குஸ்தி, கர்லாக்கட்டை சுற்றுவதெல்லாம் நடந்த இடத்தை கரடிக்கூடம் என்பார்கள். (காட்டுக் கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) கடலூருக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் கொட்டடி என்றும் சொல்வதுண்டு. அங்கே கொட்டடி வாத்தியாராக இருந்த வேணு நாயக்கரை இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய கல்யாணத்தில் சுப்புரத்தினம் என்ற இளைஞர் பாரதியின் பாட்டைப் பாட, பாரதியார் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இளைஞர்தான் பாரதிதாசன்.

கரடி வாத்தியாருக்குச் சான்றிதழ் கிடையாது. "இன்னாரின் சிஷ்யன்" என்பதுதான் அவருடைய சான்றிதழ். ஊரே அவரைக் கவனிப்பதால் ஏமாற்றுவது கஷ்டம். பல ஆசான்கள் எலும்பு முறிவுக்குக் கட்டும் போடுவார்கள். உடைக்கத் தெரிந்தவருக்கு ஒட்டவும் தெரிய வேண்டும் அல்லவா?

ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. புலிக்கு எல்லா வித்தையும் கற்றுக்கொடுத்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் சொல்லித் தரவில்லை என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆசான்களும் கடைசிப் பாடத்தை நம்பிக்கையான ஒரே சீடனுக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தச் சீடன் வராமல் போனால் பாடமும் ஆசானோடு போய்விடும்.

எலும்பு வைத்தியரைத் தேடிய மாணவன்

இதே ஓட்டை ஜப்பானிலும் இருந்தது. ஜியு-ஜிட்சுவின் பழைய பள்ளிகளில் ஒன்றான தகெனோஉச்சி 1532-இல் தொடங்கியதாக அதன் மரபு சொல்கிறது. 1868-இல் ஆட்சி மாறியது. சாமுராய்களுக்கு வேலை போனது. ஜியு-ஜிட்சு ஆசான்கள் பிழைப்புக்கு எலும்பு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆசான்கள் மாதிரியே!

1877-இல் டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த ஜிகோரோ கானோ என்ற ஒல்லிப் பையன், மற்ற மாணவர்களின் முரட்டுத்தனத்தைத் தாங்க முடியாமல் ஜியு-ஜிட்சு கற்க நினைத்தார். எப்படி வாத்தியாரைக் கண்டுபிடித்தார் தெரியுமா? எலும்பு வைத்தியர்களைத் தேடிப் போய் விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் ஃபுகுதா ஹாச்சினோசுகே. இரண்டே வருடத்தில் ஃபுகுதா இறந்துபோக, அவருடைய குடும்பம் பள்ளியின் ஓலைகளை (ஜப்பானில் காகிதச் சுருள்கள்) கானோவிடம் கொடுத்தது. பிறகு வேறு இரண்டு ஆசான்களிடமும் கற்றார்.

1882-இல் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரிக்கும் இடத்தில் கொடோகன் என்ற பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ஜூடோவின் பிறப்பிடம். கானோ தொழிலால் கல்வியாளர். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலை நார்மல் பள்ளிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். ரகசியப் பாடம் என்பதை அவர் ஒழித்தார். ஆபத்தான அடிகளைத் தனியே எடுத்து வைத்து, மீதியை முழு வேகத்தில் பழகும்படி செய்தார். எறிவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுத்தார். டான் என்ற படிநிலை 1883-இல் அவர் தொடங்கியது. இன்று பிளாக் பெல்ட்டில் எத்தனையாவது டான் என்று கேட்பதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

"காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே இதற்கெல்லாம் மூலம்?" என்று இங்கே ஒரு கேள்வி வரும். போதிதர்மர் ஷாவோலினில் சண்டைக் கலை சொல்லித் தந்தார் என்பது 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சீன நூலிலிருந்து வளர்ந்த கதை. அவர் வாழ்ந்ததோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். டாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளரே அந்தக் கதையை ஏற்கவில்லை. பெருமைக்காக வாத்தியார் வரிசையை நீட்டிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

சாந்திநிகேதனில் நடந்த சோகம்

ஜியு-ஜிட்சு இந்தியாவுக்கு வந்தது சினிமா மூலமாக அல்ல. ஒரு கவிஞர் மூலமாக!

1905-இல் ஜின்னோசுகே சானோ என்ற ஜப்பானியரை ரவீந்திரநாத் தாகூர் தன் சாந்திநிகேதன் பள்ளிக்கு வரவழைத்தார். சானோ ஜியு-ஜிட்சுவும் ஜப்பானிய மொழியும் சொல்லிக் கொடுத்தார். சில வருடங்களில் ஊர் திரும்பிவிட்டார். பிற்காலத்தில் தாகூரின் கோரா நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர் இவர்தான்.

தாகூர் விடவில்லை. 1929-இல் ஷின்சோ தகாகாகி வந்தார். இவர் கொடோகனில் பயின்ற தேர்ந்த ஜூடோ வீரர், வெளிநாடுகளிலும் கற்றுக்கொடுத்தவர். சாந்திநிகேதனில் பெண்களும் அவரிடம் கற்றார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். மாணவர்களின் ஜியு-ஜிட்சு காட்சிக்காகத் தாகூர் ஒரு பாட்டே எழுதினார்.

முடிவு என்ன ஆனது? இரண்டு வருடம் போனது. செலவைப் பள்ளியால் தாங்க முடியவில்லை. கல்கத்தா நகரம் தகாகாகியை ஏற்றுக்கொள்ளும் என்று தாகூர் முயன்றார், நடக்கவில்லை. 1931-இல் தகாகாகி கிளம்பிவிட்டார்.

சிறந்த வாத்தியார், ஆர்வமுள்ள மாணவர்கள், உலகப் புகழ் பெற்ற புரவலர். மூன்றும் இருந்தும் கலை வேர் பிடிக்கவில்லை. லாரன்ஸின் டிரிலில் ஹவில்தார் இருந்தார். கானோவிடம் நார்மல் பள்ளி அனுபவம் இருந்தது. சாந்திநிகேதனில் தகாகாகிக்கு அடுத்த வாத்தியார் தயாராகவில்லை. அவர் கப்பல் ஏறியபோது வகுப்பும் கப்பல் ஏறிவிட்டது.

வாத்தியாரை உருவாக்கும் இடம்

அதற்கு முன்பே சென்னையில் ஒருவர் வேறு வழியில் யோசித்திருந்தார். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி படித்துவிட்டு வந்த ஹாரி குரோ பக், 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் உருவாக்க நினைத்தது வீரர்களை அல்ல, ஆசிரியர்களை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். நம் பள்ளிகளில் விசில் ஊதும் பி.டி. மாஸ்டர் என்ற ஆள் இப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வந்தவர்.

தகாகாகி சாந்திநிகேதனுக்கு வந்த அதே 1929-இல்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பிற்காலத்தில் அங்கும் உடற்கல்வி ஆசிரியர் படிப்பு வந்தது. கடலூர் மாவட்டத்துப் பையன் உடலைப் பற்றியும், காயத்தைப் பற்றியும், பிள்ளைகளுக்கு எந்த வயதில் எதைச் சொல்லித் தர வேண்டும் என்பதைப் பற்றியும் முறையாகக் கற்க வெளியூர் போக வேண்டியதில்லை. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜூடோ பயிற்சியாளர்களுக்கும் அங்கே டிப்ளமோ உண்டு.

சிலம்பமும் இந்தப் பாதைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. இனி நடுவர் வேண்டும், பாடத்திட்டம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும். பூனை மரம் ஏறுவதையும் சொல்லித் தந்தே ஆக வேண்டும்!

பெல்ட்டுக்குப் பின்னால்

இன்று நம் ஊர்களுக்கு வரும் ஜியு-ஜிட்சு பெரும்பாலும் பிரேசில் வகை. கொடோகனில் பயின்ற மிட்சுயோ மாயேதா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி தம்பிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி 1993-இல் அமெரிக்காவில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தோற்கடித்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

இந்த வகையில் பிளாக் பெல்ட் வாங்கப் பொதுவாக 10 வருடம் வரை ஆகும். வாங்கியவர் தன் ஆசான், ஆசானின் ஆசான் என்று மாயேதா வரைக்கும் வரிசை சொல்வது வழக்கம். நம் கரடி வாத்தியார் "இன்னாரின் சிஷ்யன்" என்று சொன்னாரே, அதேதான். ஆக, ஒரு மாஸ்டர் ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட் தருகிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் வரிசை மட்டும் போதாது. தகாகாகியின் வரிசையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாத்தியார்தான் இல்லை. எனவே பிள்ளையைச் சேர்க்கும் முன் ஃபீஸ் எவ்வளவு என்பதோடு நான்கு கேள்விகள் சேர்த்துக் கேளுங்கள்.

யாரிடம் கற்றீர்கள்? எத்தனை வருடம்? அடிபட்டால் முதலுதவி தெரியுமா? உங்களிடம் கற்றவர்களில் யாராவது இப்போது கற்றுக்கொடுக்கிறார்களா?

நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். உட்காரச் சொல்லி, தன் வாத்தியாரின் பெயரில் ஆரம்பிப்பார்.