தாங்குதிறன் (தென்காசி–குற்றாலம் வட்டாரம்)

ஒரு நிலப்பரப்பின் நீரும் மண்ணும் தொழிலும் நெடுங்காலம் கெடாமல் எத்தனை பேரை வாழவைக்க இயலுமோ அவ்வளவே அதன் தாங்குதிறன் எனப்படும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்திற்குள்ளேயே இது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது: தென்மேற்குப் பருவச் சாரல் எட்டும் குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு குளங்களை நிரப்பி நெல் விளைவிக்க, கிழக்கே சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் கரிசல் வானத்தையே நம்பியிருக்கிறது. பழைய திருநெல்வேலிச் சீமையின் இத்தகைய வறண்ட ஊர்களிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் பலர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போயினர்.

தமிழ்நாட்டுப் பல மாவட்டங்களிலிருந்தும் அவ்வாறு சென்றோரின் சந்ததியினரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் குடியுரிமையற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு நாடு எத்தனை பேரை ஏற்கலாம் என்னும் கேள்வியை, இலங்கையிலேயே பிறந்து உழைத்தோரின் வாழ்வை எண்ணாமல் வெறும் தலைக்கணக்காகத் தீர்த்ததே இதன் பெருங்குறை.

தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர், செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், புனலூர்ப் பகுதியில் இந்திய, கேரள அரசுகள் 1976இல் கூட்டு நிறுவனமாக்கிய ரப்பர் தோட்டங்களில் வேலையும் குடியிருப்பும் பெற்றனர்.