ஓய்வுக் காலப் பணத்தில் கை வைக்கலாமா?



சம்பளப் பிடித்தம் என்றால் என்னவென்று நம் தோட்டக் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசிக்கும், கங்காணி கொடுத்த முன்பணத்துக்கும் பிடித்தது போக மிச்சமே கைக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. மாதச் சம்பளத்தில் பிடித்தால் அடுத்த மாதம் சரிக்கட்டலாம். வேலையிலிருந்து நின்றபின் வரும் பணத்தில் பிடித்தால் எதைக் கொண்டு சரிக்கட்டுவது? இக்கேள்வி நீதிமன்றம் ஏறிய வரலாற்றை இன்று காண்போம்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து தொடங்குவோம். 1864இல் அங்கே கப்பல்துறைக் கம்பெனி ஒன்று அமைந்தது. 1905இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1913இல் அது சிங்கப்பூர்த் துறைமுக வாரியமாயிற்று. அங்கே பாடுபட்டவர்களுள் நம்மவரும் உண்டு. இப்படித் தனியார் வேலை பொது வேலையாக மாறியது. ஆனால் அரசு ஊழியரின் ஓய்வூதியம் பற்றி ஆங்கிலேயர் காலச் சட்டங்கள் கொண்டிருந்த கருத்து வேறு. அது அரசு மனமிரங்கித் தருவது. ஊழியருக்கு அதில் முழு உரிமை கிடையாது என்பதே அக்கருத்து. சிங்கப்பூர் ஓய்வூதியச் சட்டத்திலும் இவ்விதியைக் காணலாம்.

சேமநிதி இதற்கு மாறானது. மலாயாவில் 1951இலும், சிங்கப்பூரில் 1955 ஜூலை 1ஆம் நாளும் அது தொடங்கியது. சிங்கப்பூரில் தொடக்க விகிதம் தொழிலாளிக்கு நூற்றுக்கு 5, முதலாளிக்கு நூற்றுக்கு 5. தொழிலாளி பெயரில் சேர்ந்த இப்பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.

ஓய்வூதியம் இரக்கமா, உரிமையா என்ற வழக்கு, அதே ஆங்கிலேய மரபில் வந்த இந்தியாவில் விரிவாக நடந்தது. பீகார் கல்விப் பணியிலிருந்த தேவகிநந்தன் பிரசாத் தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் அரசின் விருப்பப்படி தரும் கொடையன்று, அது ஊழியரின் சொத்து என 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் ஜார்க்கண்ட் மாநில வழக்கொன்றில், சட்டவிதியின் ஆதாரமில்லாமல் ஓய்வூதியத்தையோ பணிக்கொடையையோ, அதில் ஒரு பகுதியைக்கூட, நிறுத்தி வைக்க முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

இன்னொரு சிக்கலையும் பாருங்கள். கிராணி கணக்கைப் பிழையாக எழுதி, ஒருவருக்குக் கூடுதலாகச் சம்பளம் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவருக்கு அது தெரியாது. பல ஆண்டுகள் சென்று, அவர் ஓய்வு பெறும்போது அதைத் திருப்பிக் கேட்கலாமா? பஞ்சாபின் ரபீக் மாசி வழக்கில் 2014இல் இதற்கு விடை கிடைத்தது. கடைநிலை ஊழியரிடமிருந்தும், ஓய்வு பெற்றவரிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவரிடமிருந்தும் வசூலிக்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வந்திருந்தாலும் கூடாது. கேரளத்தில் 1999இல் ஓய்வு பெற்ற ஆசிரியர் தாமஸ் டேனியல், 2022இல் இவ்வழியிலேயே வென்றார். கூடுதல் பணத்துக்கு ஊழியருக்கு உரிமை உண்டு என்பதற்காக நீதிமன்றம் இப்படிச் சொல்லவில்லை. செலவழிந்துபோன பணத்தை முதுமையில் கேட்பது நியாயமாகாது என்பதற்காகவே சொன்னது. ஏமாற்றிப் பெற்றவருக்கு இச்சலுகை கிடையாது.

2016இல் வந்த மற்றொரு தீர்ப்பை நாம் மறக்கலாகாது. கூடுதலாக வந்திருந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே எழுதிக் கொடுத்தவர், கொடுத்தே ஆகவேண்டும் என்றது அது. ஆகவே, படிக்காமல் எந்தத் தாளிலும் கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள்.

இந்தியத் தீர்ப்புகள் மலேசியாவையும் சிங்கப்பூரையும் கட்டுப்படுத்தா. எனினும் அவ்வழக்குகளில் எழுந்த கேள்விகளை நாமும் கேட்கலாம். எந்தச் சட்டப்படி பிடிக்கிறீர்கள்? எவ்வளவு? எங்கள் பதிலைக் கேட்டீர்களா? விடையை எழுத்தில் வாங்குங்கள். சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பள்ளி செல்லும் பிள்ளை மாதந்தோறும் உரக்கப் படித்துக் காட்டட்டும்.