விளம்பரத்தின் வாயை அடக்கிய மீட்டர்

நெடுங்காலம் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஒரு விதியையும் மீறாமலேயே காதைக் கிழித்தன. நாடகத்தில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்க வால்யூமைக் கூட்டியிருப்போம். அடுத்த நொடி சோப்பு விளம்பரத்தில் வீடே அதிரும். அமெரிக்காவில் இந்தப் புகார் 1960களிலேயே ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் வரை போனது. ஆனால் மீட்டரைப் பார்த்தால் தப்பு எதுவும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் மீட்டர்தான். ஐரோப்பிய நிலையங்கள் நம்பியிருந்த பீக் மீட்டர், ஒலி அலையின் உச்சி எதுவரை எழுகிறது என்பதை மட்டும் பார்க்கும். வரம்பு மைனஸ் 9 டெசிபல். நாடகத்தில் கதவு படாரென்று சாத்தும்போது உச்சி ஒருமுறை அந்த வரம்பைத் தொடும். பேச்சு அதற்கு எவ்வளவோ கீழே ஓடும். விளம்பரக்காரர் என்ன செய்தார்? கம்ப்ரசரால் மேடுகளை அமுக்கி, மிச்சத்தை எல்லாம் தூக்கி, முப்பது நொடியையும் வரம்பை ஒட்டியே ஓட விட்டார். மீட்டருக்கு இரண்டும் ஒன்று. காது உச்சியைக் கணக்கெடுப்பதில்லை. தொடர்ந்து வந்து விழும் ஆற்றலைக் கணக்கெடுக்கிறது. அதிலும் ஓரவஞ்சனை உண்டு: தாழ்ந்த அதிர்வுகளை அது குறைத்தே மதிக்கும். 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டிவிட்டார்கள். தெரிந்த விஷயம் ஒலிபரப்பு நிலையங்களின் மீட்டருக்குள் நுழைய எழுபது ஆண்டு ஆயிற்று.

டிஜிட்டல் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. டால்பி ஒலியோடு ‘பேச்சு இந்த அளவில் இருக்கிறது’ என்று ஓர் எண்ணும் போகும்; வீட்டுப் பெட்டி அதைப் பார்த்து வால்யூமைத் தானே சரிசெய்துகொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த எண்ணை உண்மையாக இட வேண்டுமே! சேனலுக்குச் சேனல் சத்தம் எகிறிக் குதித்தது.

திருப்பம் கனடாவில் நிகழ்ந்தது. அங்குள்ள தகவல்தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் கில்பர்ட் சூலோதர் என்ற ஆய்வாளர், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்காக ஒரு போட்டியே நடத்தினார். ஒரு பெண்ணின் ஆங்கிலப் பேச்சைக் கேட்க வைத்து, வேறு வேறு ஒலித்துண்டுகளை அதே சத்தத்துக்குத் திருகி வைக்கச் சொன்னார்கள். ஐந்து இடங்களில் நடந்த சோதனை இது. கேட்டவர்களின் கை எங்கே நின்றதோ அதைச் சரியாகக் கணிக்கும் மீட்டர் எது என்பதே கேள்வி. நிறுவனங்கள் பத்து மீட்டர்களை அனுப்பியிருந்தன. சிலவற்றில் செவியின் உள்வேலைகளையே கணக்காக்கிய சிக்கலான சூத்திரங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று சூலோதர் தன் பங்குக்கு ஓர் எளிய கணக்கைச் சேர்த்தார்: தாழ்ந்த அதிர்வுகளைக் கொஞ்சம் வெட்டு, மீதியின் சராசரி ஆற்றலை எடு. அவ்வளவே. முடிவு வந்தபோது, அளக்க நட்ட குச்சியே பரிசைத் தட்டிக்கொண்டு போயிருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேட்பவரின் தலை உயர்ந்த அதிர்வுகளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்பதையும் சேர்த்து, 2006இல் அந்தக் கணக்கு சர்வதேச ஒன்றியத்தின் பிஎஸ் 1770 என்ற பரிந்துரையானது. எல்யூஎஃப்எஸ் என்ற அலகு அதன் வழி வந்தது.

அளவுகோல் கிடைத்தால் போதாது, எவ்வளவு என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஆஸ்திரிய ஒலிபரப்பு நிறுவனமான ஓஆர்எஃப்பின் ஒலிப்பொறியாளர் ஃபுளோரியன் காமரர் தலைமையில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் குழு 2008இல் உட்கார்ந்தது. 2010 ஆகஸ்டில் ஆர் 128 வெளியானது: நிகழ்ச்சியோ விளம்பரமோ, சராசரி மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ். குழு ஓர் ஓட்டையையும் அடைத்தது. நீண்ட மௌனங்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடும். அதைச் சாக்காக வைத்து மற்ற இடங்களில் கத்தலாம். ஆகவே மிகத் தாழ்ந்த பகுதிகள் கணக்கிலேயே சேராதபடி ஒரு வாசல் வைத்தார்கள். அந்த யோசனையைச் சர்வதேச ஒன்றியமும் 2011இல் ஏற்றுக்கொண்டது.

இதன் பிறகு அமுக்குவதில் லாபமில்லை. முழுநேரமும் கத்தும் விளம்பரம் மொத்தமாகக் கீழே இறக்கப்பட்டுச் சப்பென்று ஒலிக்கும். ஏற்ற இறக்கத்தோடு செய்தது உயிரோடு நிற்கும். காவல் போடாமலே பேராசையை முட்டாள்தனமாக்கிய ஏற்பாடு இது.

அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்தை அடக்க, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் அன்னா எஷூ கொண்டுவந்த சட்டத்தில் 2010 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்டார். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே இலக்கு மைனஸ் 24. அது தொலைக்காட்சிக்கு மட்டுமான சட்டம். இணையவழி ஓடும் படங்களுக்கு இல்லை.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மிஞ்சிச் சத்தமாக இருக்கக் கூடாது என்கின்றன 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள். ஆனால் எது அளவு என்று அந்த வரி சொல்லவில்லை. எண் இல்லாத விதியை எந்த மீட்டராலும் காவல் காக்க முடியாது. அந்த ஓர் எண்ணை எழுதிச் சேர்ப்பதுதான் நம்மவர்கள் செய்ய வேண்டிய வேலை.